ஒரு பாய் விரிக்கும் இடம் போதும்: உடற்கல்வி கேள்வி பதில்

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டதிலிருந்து 2021 ஜூலை வரை, இடையில் மேல்வகுப்புகளுக்குச் சில வாரங்கள் கதவு திறந்ததைத் தவிர, நம் பிள்ளைகளுக்குப் பாடம் கைப்பேசி வழியாகவும் கல்வித் தொலைக்காட்சி வழியாகவுமே நடந்து வந்தது. கணக்கும் அறிவியலும் எப்படியோ திரைக்குள் வந்துவிட்டன. விளையாட்டுப் பீரியட்தான் வழி தெரியாமல் நின்றது. வீட்டுக்குள் விளையாடும் உடற்பயிற்சி விளையாட்டுகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு அப்போது கேட்டிருந்தோம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நம் பத்தியாளர் 2021 ஜூலை இறுதியில் அளித்த பதில்கள் இவை.

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு படிக்கிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் முக்கால் மணி நேரம் இணையவழியில் உடற்கல்வி வகுப்பு உண்டு. ஆசிரியர் திரையில் கையைத் தூக்கிக் காட்டுகிறார். இவர்கள் கேமராவை அணைத்துவிட்டுச் சோபாவில் சாய்ந்து கிடக்கிறார்கள். எங்களுடையது பழைய ஓட்டு வீடு. பின்கட்டை வாடகைக்கு விட்டிருப்பதால் கொல்லைப் பக்கம் போக முடியாது. கூடத்தில் எட்டுக்குப் பத்து அடி இடம் இருக்கிறது. காசு கொடுத்து எதையும் வாங்காமல் இவர்களை எப்படி விளையாட வைப்பது?
— ஒரு தாய், கும்பகோணம்

பதில்: அம்மா, உங்கள் பிள்ளைகள் சோம்பேறிகள் அல்லர். திரையில் ஒருவர் கையைத் தூக்குவதைப் பார்த்துத் தானும் கையைத் தூக்குவதில் விளையாட்டு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள், அவ்வளவுதான். அடுத்து என்ன வரும் என்று தெரியாத எதிர்பார்ப்பும், ஜெயிக்கவோ தோற்கவோ எதிரில் ஓர் ஆளும் இருந்தால் எந்தக் குழந்தையும் தானாக எழுந்து நிற்கும். ஆகையால், வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் அன்றைய விளையாட்டின் விதியை மட்டும் சொல்லிவிட்டு, மீதி நாற்பது நிமிடம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு விளையாடச் சொல்லும்படி பள்ளி ஆசிரியரிடம் நீங்களே பேசிப் பாருங்கள். வகுப்பு முடிகிற நேரத்தில் யார் எத்தனை புள்ளி என்று மட்டும் பிள்ளைகள் சொல்லட்டும்.

எட்டுக்குப் பத்து அடி என்பது தாராளமான இடம். ஒரு பாயை விரிக்க இடம் இருந்தாலே நான் ஒரு வகுப்பு நடத்திவிடுவேன். உங்களுக்கு முதலில் தாயத்தைச் சொல்கிறேன். பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி வீட்டில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஆறு புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் மட்டும் சிமெண்டுத் தரையில் தேய்த்து வெள்ளை தெரியச் செய்துகொள்ளுங்கள். உருட்டிப் போட்டதும் எத்தனை வெள்ளை மேலே தெரிகிறதோ அதுவே எண்; ஒன்றுமே தெரியாவிட்டால் பன்னிரண்டு. காய் நகர்த்துவதற்குப் பதிலாக இங்கே ஆளே நகர வேண்டும். தாயம், அதாவது ஒன்று, விழுந்தால் ஒற்றைக் காலில் நின்றபடி இருபது எண்ண வேண்டும். இரண்டு விழுந்தால் பாயின் நீளத்துக்குத் தவளைப் பாய்ச்சலில் போய்த் திரும்ப வேண்டும். மூன்றுக்குப் பாயைச் சுற்றி மூன்று சுற்று நொண்டி. நான்குக்கு முழங்கால் தரையில் படாமல் கைகளையும் கால்களையும் ஊன்றி நான்கு முறை பாயைக் கடந்து செல்லுதல். ஐந்துக்கு ஐந்து தோப்புக்கரணம். ஆறுக்கு எதிரெதிர்ச் சுவர்களை ஓடித் தொடுதல் ஆறு. பன்னிரண்டு விழுந்தால் பன்னிரண்டு முறை கயிறு தாண்டல். கயிறு இல்லையென்றால் கயிறு இருப்பதாகவே நினைத்துக்கொண்டு தாண்டலாம். உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. செய்து முடித்த எண் புள்ளியாகச் சேரும். நூறை முதலில் தொட்டவர் ஜெயித்தவர்.

இதில் உயிர்நாடியான விதிகள் இரண்டு. வழக்கமான தாயத்தில் ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் அல்லவா, அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதிர்ஷ்டம் அடித்தவனுக்கே அதிக வேலை என்பதால், ஆறும் பன்னிரண்டும் அடுத்தடுத்து விழுந்த பையன் மூச்சு வாங்க நிற்கும்போது அக்காள் சிரிப்பாள், அந்தச் சிரிப்புக்காகவே அவன் மறுபடியும் உருட்டுவான். அடுத்து, தாயம் விழுந்தால்தான் ஆட்டத்துக்குள் நுழையலாம் என்ற பழைய கட்டுப்பாட்டையும் விடாதீர்கள். ஆனால் தாயத்துக்குக் காத்திருப்பவர் சும்மா நிற்காமல், தன் முறை வரும்போது உருட்டுவதற்கு மட்டும் குனிந்து, மற்ற நேரமெல்லாம் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எந்த ஆசிரியரும் அதட்டிச் செய்ய வைக்க முடியாத ஓட்டத்தை அந்தக் காத்திருப்பு செய்ய வைத்துவிடும். வீட்டில் பாட்டி இருந்தால் உருட்டும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். அவர் உருட்டுவதற்கும் பிள்ளைகள் குதிப்பதற்கும் நடுவில் நடக்கிற வழக்காடலே பாதி விளையாட்டு.

நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு இடங்களை மட்டும் கவனியுங்கள். தோப்புக்கரணத்தில் இடக்கை வலக்காதையும் வலக்கை இடக்காதையும் பிடித்திருக்க, உட்காரும்போது குதிகால் தரையைவிட்டு எழுந்துகொண்டே இருந்தால், அவசரத்தில் முன்புறம் சாய்கிறார்கள் என்று பொருள். பாதங்களைக் கொஞ்சம் அகட்டி வைத்து மெதுவாக உட்காரச் சொல்லுங்கள். தவளைப் பாய்ச்சலில் தரைக்கு வரும்போது ‘தொப்’ என்ற சத்தம் கேட்டால் முழங்காலை மடக்காமல் இறங்குகிறார்கள். சத்தம் கேட்காமல் இறங்கினால் ஒரு புள்ளி கூடுதல் என்று அறிவித்துவிட்டால், முழங்காலும் தப்பும், பின்கட்டுக்காரரும் சண்டைக்கு வரமாட்டார். காலுறை போட்டுக்கொண்டு மொசைக் தரையிலோ காவித் தரையிலோ ஓடக் கூடாது, வெறுங்கால்தான் பிடிப்பு. வீடு துடைத்து ஈரம் காயாத நேரத்திலும் வேண்டாம்.

தாயம் சலித்துப்போனால் பாண்டிக் கட்டத்தைக் கூடத்திலேயே சாக்பீஸால் போடலாம். அதில் புதிதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வலக்காலால் ஒரு முறை ஆடினால் அடுத்த முறை இடக்காலால் ஆட வேண்டும் என்பதை மட்டும் கட்டாயமாக்குங்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஒரே காலில் ஆடி ஆடி மறுகாலைப் பலவீனமாகவே விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: ஐயா, நான் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். மாணவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இல்லை. இருக்கும் வீட்டிலும் அது அப்பாவுடன் வயலுக்குப் போய்விடுகிறது; இரவு வீடு திரும்பும்போது அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். இந்த நிலையில் நான் வகுப்பு நடத்துவது எப்படி? மதிப்பெண் போடுவது எப்படி?
— ஓர் ஆசிரியர், திருத்துறைப்பூண்டி வட்டம்

பதில்: காணொளியை அடியோடு மறந்துவிடுங்கள், தம்பி. நீங்கள் எடுத்து அனுப்பும் ஐந்து நிமிடக் காணொளி ஒரு பிள்ளையின் டேட்டாவைத் தின்றுவிடும். அதே விளையாட்டை ஒன்றரை நிமிடம் குரலில் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒன்றும் ஆகாது. அதை இரவு ஏழு மணிக்கு மேல், போன் வயலிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அனுப்புங்கள். “நாளை காலை பல் துலக்கியதும் ஆட வேண்டியது இது” என்று தொடங்கிவிட்டால் பிள்ளைகள் படுக்கும்போதே அதை நினைத்துக்கொண்டு படுப்பார்கள். சாதாரணப் போன் மட்டும் உள்ள வீடுகளுக்கு, பக்கத்து வீட்டு மாணவனை வாசலில் நின்று சொல்லச் சொல்லலாம். அதுவும் இல்லாதவர்களுக்குக் காகிதம் இருக்கிறது. சத்துணவுக்குரிய அரிசி, பருப்பு, முட்டை வாங்கப் பெற்றோர் பள்ளிக்கு வருகிறார்கள் அல்லவா, அந்த நாளில் நான்கு வாரத்துக்கான விளையாட்டுகளை ஒரே தாளில் எழுதி நகலெடுத்து, பையில் போட்டு அனுப்பிவிடுங்கள். பெரிய எழுத்தாக இருக்கட்டும். படம் வரையத் தெரிந்த மாணவி ஒருத்தி எல்லாப் பள்ளியிலும் இருப்பாள், அவளை வரையச் சொல்லுங்கள்.

விளையாடுவதைப் படம்பிடித்து அனுப்பு என்று ஒருபோதும் கேட்காதீர்கள். தகர வீட்டில் ஒரே அறையில் அம்மா சமைக்க, தங்கை தூங்க, அதற்கு நடுவில் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு குதிக்கிற பெண்ணின் படம் நாற்பது பேர் உள்ள குழுவில் போவதைவிட, அந்த மதிப்பெண்ணே இல்லாமல் போகலாம்.

மதிப்பீட்டுக்கு, பிள்ளையை அதன் சென்ற மாதத்து அளவோடு ஒப்பிடுவது ஒன்றே நியாயம். மத்திய அரசின் விளையாட்டுத் திட்டமான கேலோ இந்தியாவின் பள்ளி உடற்தகுதித் தேர்வில் சிறு வகுப்புகளுக்கு இருக்கும் இரண்டு சோதனைகளை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். ஒன்று, பூநாரை போல ஒற்றைக் காலில் நிற்பது; முறைப்படி அதற்குக் குறுகிய மரச்சட்டம் வேண்டும், வீட்டில் வெறும் தரையே போதும். ஒரு நிமிடத்துக்குள் எத்தனை முறை மறுகால் தரையைத் தொட்டது என்று அண்ணனோ தங்கையோ எண்ணி நோட்டில் எழுதட்டும். மற்றொன்று தட்டு தட்டுதல். இரண்டு எவர்சில்வர் தட்டுகளைக் கவிழ்த்து, அவற்றின் நடுப்புள்ளிகளுக்கிடையே 60 சென்டிமீட்டர் இருக்குமாறு வைத்து, நடுவில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மறுகையால் இரண்டு தட்டுகளையும் மாறி மாறி 25 சுற்றுத் தட்டி முடிக்க எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். இதைச் சின்னப் பிள்ளைகளுக்கு உரியது என்று நினைக்க வேண்டாம். எட்டாம் வகுப்புப் பையன்களே இதற்காகச் சண்டை போடுவார்கள். வீட்டில் எடுத்த அளவைத் தேசிய அளவோடு ஒப்பிட முடியாது; ஆனால் ஜூலையில் 22 வினாடி எடுத்தவன் ஆகஸ்டில் 19 வினாடியில் முடித்தால் அவன் முன்னேறியிருக்கிறான், அதற்கு முழு மதிப்பெண் போடுங்கள். அதே தேர்வில் உள்ள 50 மீட்டர் ஓட்டமும் 600 மீட்டர் ஓட்டமும் மைதானம் திறக்கும் வரை காத்திருக்கட்டும்.

கேள்வி: பேரன் நாள் முழுவதும் போனும் கையுமாக இருக்கிறான். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் விளையாட வேண்டும், எந்த நேரத்தில் விளையாட வேண்டும்?
— ஒரு தாத்தா, மன்னார்குடி

பதில்: ஐந்து வயது முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பை அசைக்க வேண்டும் என்றும், தசைக்கும் எலும்புக்கும் வலுச் சேர்க்கும் குதித்தல், தாண்டல், தாங்குதல் போன்றவை வாரத்தில் மூன்று நாளாவது அதில் இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. இந்த அறுபதை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. காலையில் வெயில் ஏறுமுன் இருபது, இரண்டு இணைய வகுப்புகளுக்கு நடுவில் பத்து, மாலை ஐந்தரைக்கு மேல் முப்பது என்று பிரித்துக்கொள்ளலாம். சாப்பிட்டவுடன் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2020 ஜூலையில் இணையவழிக் கல்விக்காக வெளியிட்ட ‘பிரக்யாதா’ வழிகாட்டுதலின்படி, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிட இணைய வகுப்புகள் இரண்டுக்கு மேல் நடத்தக் கூடாது. பேரன் அதற்கு மேலும் போனைப் பிடித்திருந்தால் பாடத்தின் மேல் பழி போட முடியாது. அவனைத் திட்டுவதைவிட, “தாயம் ஆட ஆள் வேண்டும், வா” என்று நீங்கள் கூப்பிடுவது சீக்கிரம் பலிக்கும்.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறேன். பள்ளி கோ-கோ அணியில் இருந்தேன். ஒரு வருடமாகப் பயிற்சி இல்லை. வீட்டில் பாட்டி, வயதுக்கு வந்த பெண் குதிக்கக் கூடாது என்கிறார். பள்ளி திறந்ததும் மறுபடியும் அணியில் இடம் பிடிக்க வீட்டிலேயே என்ன செய்யலாம்?
— ஒரு மாணவி, திருவாரூர்

பதில்: உன் கேள்வியைப் படித்தவுடன் எனக்கு மைதானத்துப் புழுதி வாசனை அடித்தது, மகளே. முதலில் பாட்டியின் விஷயத்தை முடித்துவிடுவோம். வயதுக்கு வந்த பிறகு குதிப்பதாலும் ஓடுவதாலும் எந்தக் கெடுதலும் இல்லை. வளர்கிற வயதில் எலும்பு உறுதிப்படுவதற்குக் குதித்தல் நல்லது. மாதவிலக்கு நாட்களில் உடம்பு ஒத்துழைத்தால் வழக்கம்போல விளையாடலாம், அசதியாக இருந்தால் நடையோடு நிறுத்திக்கொள்ளலாம். வயிற்றுவலி மாதாமாதம் படுக்க வைக்கும் அளவுக்கு இருந்தால் அம்மாவிடம் சொல்லி மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதைப் பாட்டியிடம் வாதமாகச் சொல்லாதே. அவர் சிறு வயதில் கும்மியும் கோலாட்டமும் ஆடியிருப்பார். குனிந்து நிமிர்ந்து சுற்றி வந்து கைதட்டும் கும்மியைக் கால் மணி நேரம் விடாமல் அடித்துப் பார், வேர்த்துக் கொட்டும். அவரைக் கற்றுக்கொடுக்கச் சொன்னால் மறுக்கமாட்டார். அப்புறம் மற்றதற்கும் வாய் திறக்கமாட்டார்.

கோ-கோவுக்கு வருவோம். துரத்தும் அணியினர் இரு கம்பங்களுக்கு நடுவே மாறி மாறி எதிரெதிர்த் திசை பார்த்து வரிசையாக உட்கார்ந்திருக்க, துரத்துகிறவள் ஒருத்தியைப் பின்னாலிருந்து தொட்டு ‘கோ’ என்றதும் அவள் எழுந்து துரத்தும் ஆட்டம் இது. அணியில் இடம் பெறப்போகிறவளின் முதல் சொத்து, உட்கார்ந்த நிலையிலிருந்து எழும் வேகம். கூடத்தில் மூன்று அடி இடைவெளியில் மணைப்பலகைகள் மூன்றை வரிசையாக வை. அவை நீ உட்காரும் சதுரங்களுக்கு அடையாளம் மட்டுமே. பலகையை ஒட்டித் தரையில், ஒரு முறை வாசல் பக்கம், ஒரு முறை கொல்லைப் பக்கம் பார்த்துக் குந்தி உட்கார். உன் முதுகுக்குப் பின்னால் தம்பி நிற்கட்டும். அவன் எப்போது ‘கோ’ சொல்வான் என்று உனக்குத் தெரியக் கூடாது. சில முறை உடனே சொல்வான், சில முறை பத்து வினாடி இழுத்தடிப்பான், சில முறை வெறுமனே இருமுவான். இருமலுக்கு எழுந்தால் உனக்கு ஒரு புள்ளி குறையும். ‘கோ’ கேட்டு எழுந்தால் முகம் பார்த்த திசையில் முதல் இரண்டு அடியை எவ்வளவு தாழ்வாக எடுத்து வைக்கிறாய் என்பதே கணக்கு. நிமிர்ந்து நின்றுவிட்டு ஓடத் தொடங்குகிறவள் அரை நொடியைப் பறிகொடுக்கிறாள். துரத்துகிறவள் ஒரு திசையைப் பிடித்துவிட்டால் கம்பத்தைத் தாண்டாமல் திரும்பக் கூடாது என்ற விதி உனக்குத் தெரியும்; ஆகவே முதல் அடியிலேயே தோளைத் தவறான பக்கம் திருப்பிவிடாமல் இருக்கப் பழகு.

உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் மரத்தூண் இருக்கிறதா? இருந்தால் கம்பத் திருப்பத்தை அதில் பழகலாம். போட்டிக் கம்பம் ஏறத்தாழ 1.20 மீட்டர் உயரமும் கைக்குள் அடங்கும் பருமனும் உள்ளது. வீட்டுத் தூண் அதைவிடப் பருமன் என்பதால் பிடிக்க முடியாது, உள்ளங்கையை மட்டும் இடுப்புயரத்தில் பதித்து, உள்பக்கக் காலைத் தூணின் அடியில் ஊன்றி, உடம்பை வெளியே சாய்த்துச் சுற்ற வேண்டும். முதலில் நடந்தபடியே செய். தூணின் அடியில் கருங்கல் பீடம் துருத்திக்கொண்டிருந்தால் இதை விட்டுவிடு. கால் விரல் போய்விடும். பாய்ந்து தொடும் டைவ் வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம், அது மைதானத்து மண்ணுக்கு உரியது.

கேள்வி: மகனுக்குப் பிறவியிலேயே கண்பார்வை மிகக் குறைவு. வயது பதினொன்று. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஆடும்போது இவன் திண்ணையில் உட்கார்ந்து சத்தம் கேட்டுக்கொண்டிருப்பான். இப்போது அதுவும் இல்லை.
— ஒரு தந்தை, மயிலாடுதுறை

பதில்: சத்தம் கேட்டுக்கொண்டிருப்பான் என்று எழுதியிருக்கிறீர்கள்; அந்தக் காதை வைத்தே ஆட வைக்கலாம். பார்வையற்றோர் கிரிக்கெட்டில், உள்ளே சிறு உலோகக் குண்டுகள் குலுங்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பந்தைக் கையைத் தாழ்த்தித் தரையில் பட்டுச் செல்லும்படி வீசுகிறார்கள். மட்டையாளர் சத்தத்தைப் பின்பற்றி அடிக்கிறார். அந்தப் பந்தைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம். மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் டப்பாவில் பழைய சலங்கை முத்துகளையோ காய்ந்த புளியங்கொட்டைகளையோ போட்டு மூடி, மேலே துணியைச் சுற்றித் தைத்துவிடுங்கள். நீங்கள் ஆறடி தள்ளி உட்கார்ந்து அவனை நோக்கி உருட்டுங்கள். அவன் கால்களை அகட்டி உட்கார்ந்து, கையால் மறித்துப் பிடித்துத் திரும்ப உருட்டட்டும். நாலைந்து நாளில் கை பழகியதும் நின்று ஆடலாம், பிறகு சின்ன மட்டை கொடுக்கலாம். ஆடும் எல்லையைத் தரையில் கயிற்றை விரித்து அதன் மேல் டேப் ஒட்டிக் குறித்துவிட்டால், வெறுங்காலால் தொட்டே எல்லையை அவன் அறிந்துகொள்வான். ஆடும் நேரத்தில் மின்விசிறியும் தொலைக்காட்சியும் நின்றிருக்க வேண்டும். சுற்றியிருப்பவர்கள் பேசக் கூடாது. அக்காள் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு அவனோடு மோதினால் யார் ஜெயிப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: வீட்டுக்குள் குதிப்பதைவிட நீச்சலே சிறந்த உடற்பயிற்சி என்பார்கள். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. பள்ளி இல்லாத நேரத்தில் பிள்ளைகளை ஆற்றுக்கு அனுப்பினால் என்ன?
— ஒரு வாசகர், திருவையாறு

பதில்: நீச்சல் சிறந்த பயிற்சி என்பதில் எனக்கு மறுப்பில்லை, அனுப்பினால் என்ன என்று கேட்கிறீர்களே, அதில்தான் மறுப்பு. 2021 ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்து, சில நாட்களில் கல்லணையையும் திறந்துவிட்டார்கள். இப்போது ஆற்றிலும் வாய்க்காலிலும் ஓடுவது பாசனத்துக்கான முறைத் தண்ணீர், அதன் அளவு மேலே திறப்பதைப் பொறுத்து ஒரே இரவில் கூடும். மணல் எடுத்த குழிகள் தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாது. மதகின் வாயில் இழுப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடவே தண்ணீரில் இறங்கி நின்று சொல்லிக்கொடுக்க முடியுமானால், படித்துறையில் இடுப்பளவுத் தண்ணீரில் கற்றுக்கொடுங்கள். பிள்ளைகளை மட்டும் தனியாக அனுப்புவது என்பது கூடவே கூடாது.

கேள்வி: மடக்கு டிராம்போலின், ரப்பர் பட்டை, செயலி என்று விளம்பரம் வருகிறது. வாங்கலாமா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். 2021 ஜூலையில் டோக்கியோவில் இறங்கி, ஒலிம்பிக் வாள்சண்டையில் பங்கேற்ற முதல் இந்தியரான சென்னைப் பெண் பவானி தேவி, பள்ளிப் பருவத்தில் வாளுக்குப் பதில் மூங்கில் குச்சியை வைத்துப் பயின்றவர். பழைய வேட்டியை முறுக்கினால் இழுபறிக் கயிறு. செய்தித்தாளைக் கசக்கி நூல் சுற்றினால் கண்ணாடி உடையாத பந்து. ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பினால் கைக்கு ஒரு கிலோ எடை. செயலிக்குக் கட்டும் பணத்தில் தாண்டுவதற்கு ஒரு நல்ல கயிறு வாங்கிக்கொடுங்கள். அதன் நடுவை மிதித்துக்கொண்டு இரு முனைகளையும் மேலே இழுத்தால் கைப்பிடிகள் பிள்ளையின் அக்குள் அளவுக்கு வர வேண்டும்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு. அப்பாவும் அம்மாவும் உப்பளத்துக்குப் போய்விடுகிறார்கள். கூட ஆட யாரும் இல்லை. தனியாக என்ன விளையாடுவது?
— ஒரு மாணவன், வேதாரண்யம்

பதில்: தம்பி, உனக்குச் சுவர்தான் முதல் தோழன். ஜன்னல் இல்லாத சுவராகப் பார்த்து, உன் தலையுயரத்தில் கரியால் ஒரு வட்டம் போடு. ஆறடி தள்ளி நின்று ரப்பர் பந்தை வட்டத்தில் எறிந்து, தரையில் படுமுன் பிடி. பத்து முறை தவறாமல் பிடித்தால் ஓர் அடி பின்னால் போ. தவறினால் ஓர் அடி முன்னால் வா. வலக்கையால் எட்டிய தூரத்தை இடக்கையாலும் எட்டும் வரை அடுத்த நிலைக்குப் போகாதே. அதற்கே உனக்கு ஒரு வாரம் ஆகும். வெயில் சாய்ந்த பிறகு ஆடு, பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துக்கொள்.

இரண்டாவது தோழன் போனில் இருக்கிறான். சாதாரணப் போன் போதும். உன் வகுப்புத் தோழன் ஒருவனோடு பேசி வைத்துக்கொள்: மாலை ஐந்தரைக்கு அவன் அவன் வாசலிலும் நீ உன் வாசலிலும் ஒரே விளையாட்டை ஆட வேண்டும், ஆறு மணிக்கு நீ கூப்பிட்டு உன் எண்ணைச் சொல்ல வேண்டும், அவன் தன் எண்ணைச் சொல்ல வேண்டும். திங்கள் கயிறு தாண்டல், செவ்வாய் சுவர்ப் பந்து, புதன் ஒற்றைக் கால் நிலை என்று நாளுக்கு ஒன்றாக மாற்றுங்கள். சனிக்கிழமை, தோற்றவன் சொல்லும் விளையாட்டு. அவன் கூட்டிச் சொல்கிறான் என்று உனக்குச் சந்தேகம் வரும். அவனுக்கும் உன் மேல் வரும். இரண்டு பேரும் தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். பள்ளி திறந்த முதல் விளையாட்டுப் பீரியடில், உங்கள் ஆசிரியரை நடுவராக நிற்க வைத்து, இருவரும் சொன்ன எண்ணைச் செய்து காட்டலாம்.